நாளெல்லாம் நடக்கும் செவிலியருக்கு உடற்பயிற்சி வகுப்பு எதற்கு?

தென் மாவட்டம் ஒன்றின் அரசுத் தலைமை மருத்துவமனையில் வார்டு பொறுப்புச் செவிலியராக இருக்கும் 48 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அந்த மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்திருக்கிறார்கள். பலருக்கு இரண்டில் ஒன்று கூடுதலாக இருந்திருக்கிறது. சிலருக்கு அன்றுதான் முதன்முதலாகத் தெரியவந்ததாம். கவலைப்பட்ட மருத்துவக் கண்காணிப்பாளர், உடற்பயிற்சி விழிப்புணர்வு வகுப்பு நடத்தும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்துவிட்டார். வாரம் ஒரு நாள், டியூட்டி முடிந்த பிறகு ஒரு மணி நேரம். வருகைப் பதிவேடு உண்டு. ஒவ்வொருவரின் எடையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வாட்ஸ்அப் குழுவில் தினமும் 10,000 அடி நடைப் போட்டி.

முதல் வகுப்பில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளம் செவிலியர் எழுந்து, "வார்டில் காலை முதல் நடப்பது போதாதா?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், "வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் சிஸ்டர், சீக்கிரம் முடியுங்கள்" என்றிருக்கிறார். பிரசவம் முடிந்து ஆறு மாதமே ஆன ஒருவர், எடைப் பட்டியலில் தன் பெயர் வந்தால் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். வாசகிக்கே எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை, வலது முழங்காலில் வலி, எடையும் கூடுதல். "நானே இப்படி இருந்துகொண்டு அவர்கள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது டாக்டர் அம்மா. எல்லாம் தெரிந்தவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? கட்டாயப்படுத்த எனக்கு உரிமை உண்டா? பேசாமல் என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சிஸ்டர்,

எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டாம். இப்போதிருக்கும் வடிவில் நடத்தவும் வேண்டாம். நீங்கள் ஒதுங்கினால் அதே வகுப்பு, அதே பட்டியலோடு இன்னொருவர் தலையில் விழும். கண்காணிப்பாளரின் கவலை நியாயமானது. அவர் தேர்ந்தெடுத்த வழிதான் கோணலாக இருக்கிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இளம் செவிலியரின் கேள்வி. வகுப்பிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

வார்டு நடை போதாதா?

அவர் கேட்டதற்குப் பின்னால் பழைய ஆதாரம்கூட உண்டு. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டனின் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய இன்றைய அறிவியல் பெரும்பாலும் அங்கிருந்து தொடங்கியதுதான். மூன்று ஆண்டு கழித்து அதே மோரிஸ் பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டைகள் இடுப்பில் பெரியவையாக இருந்தன. வேலைக்கு வரும்போதே அவர்கள் பருமனாக இருந்திருக்கலாம். ஆகவே வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதை முதலில் கவனித்தவரும் அவரே.

அதன் பிறகு வந்த ஆய்வுகளில் கதை இன்னும் சிக்கலானது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பகுதியைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021இல் ஹோல்டர்மன் குழுவினர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் அதிகம் உடலை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வேலையில் அதிகம் உடலை வருத்தியவர்களுக்கோ கூடுதலாக இருந்தது. புகை, வருமானம், படிப்பு போன்ற வேறு காரணங்கள் இதில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் வேலையில் நடப்பதையே உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட இடமில்லை.

ஏன் இப்படி? உங்கள் வார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நான்கு அடி. அங்கே குனிந்து ஊசி போடுகிறீர்கள், சலைன் பாட்டில் மாற்றுகிறீர்கள், நின்றுகொண்டே கேஸ் ஷீட்டில் எழுதுகிறீர்கள். மறுபடி ஆறு அடி. இதில் நாடித்துடிப்பு இதயத்துக்குப் பயிற்சி தரும் அளவுக்கு ஏறுவதில்லை. முழுக்க இறங்கவும் விடுவதில்லை. லேசான உயர்விலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. நின்றுகொண்டே இருப்பதால் கால் ரத்த நாளங்களில் அழுத்தம் கூடுகிறது. அதனால்தான் நம் துறையில் இத்தனை பேருக்கு நரம்புச் சுருட்டல். நோயாளியைப் புரட்டும்போதும் தூக்கும்போதும் முதுகுக்கு வரும் சுமை திடீர்ச் சுமை. அது தசையை வளர்ப்பதைவிடச் சுளுக்க வைப்பதே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, களைத்தால் உட்காரலாம் என்ற உரிமை உங்களிடம் இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வார்டில் எழுதுவதற்குக்கூட நாற்காலி இல்லாத செவிலியர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மாலையில் இருபது நிமிடம் விரைந்து நடக்கும்போது நடப்பது வேறு. நாடி நன்றாக ஏறுகிறது, பிறகு இறங்கி ஓய்வுக்குப் போகிறது. எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. மிதமானது என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கருவி எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அந்த வழிகாட்டுதல் எடுத்துவிட்டது. நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. உங்கள் வகுப்பில் யாருக்காவது இது தெரிந்திருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

10,000 அடிக்கு வருகிறேன். அது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் கிடையாது. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ கெய்' என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். விற்பனைப் பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரி 72 வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 4,400 அடியிலேயே மரண ஆபத்து குறையத் தொடங்கியது. 7,500 அடியோடு அந்த நன்மை சமனாகிவிட்டது. வார்டில் ஒரு காலை டியூட்டியிலேயே அதைத் தாண்டிவிடும் உங்கள் செவிலியர்களுக்கு அடிப் போட்டி எதையும் கற்றுத் தராது. வெற்றி பெறுகிறவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். தோற்கிறவர் பெரும்பாலும் அலுவலகத்தில் கணினி முன்னால் இருக்கும் பணியாளராக இருப்பார். போட்டியை நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் தெரிந்தவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. கல்வி என்றால் தெரியாததைத் தெரிவிப்பது என்று நீங்களும் கண்காணிப்பாளரும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சியின் நன்மைகள் என்ற தலைப்பில் படங்கள் போட்டுக் காட்டினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதையெல்லாம் அவர்கள் தினமும் புறநோயாளிப் பிரிவில் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான். அவர்களுக்குக் குறைவது செய்முறையும் நேரமும். இரண்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தால் அதுவே கல்வி.

இதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. கண்காணிப்பாளரிடம் பேசும்போது அதையே முதலில் சொல்லுங்கள். டென்மார்க்கில் மூன்று மருத்துவமனைகளின் 18 பிரிவுகளைச் சேர்ந்த 200 பெண் சுகாதாரப் பணியாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேலை நேரத்திலேயே, சக ஊழியர்களோடு, பயிற்றுநர் துணையுடன் வாரம் ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம் தசைப் பயிற்சி செய்தது. கூடவே சில ஊக்கப் பேச்சு அமர்வுகள். இன்னொரு குழுவிடம் ரப்பர் பட்டைகளையும் பயிற்சிப் படங்களையும் கொடுத்து, வீட்டில் அதே அளவு செய்யச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்து, வேலையிடத்தில் செய்தவர்களுக்கு உடல்வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. முதுகின் வலிமையும் கூடியிருந்தது. ஜாகோப்சன் குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவு இது. இரண்டு குழுவுக்கும் தகவல் ஒன்றுதான். ஒரு தரப்புக்கு நேரமும் துணையும் கிடைத்தன, மறு தரப்புக்குக் காகிதம் கிடைத்தது. வீட்டில் உலை வைக்கக் காத்திருக்கும் உங்கள் தோழிக்கு நீங்கள் இப்போது கொடுப்பதும் காகிதம்தான்.

ஆகவே வாரம் ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடங்களாக உடைத்து, டியூட்டி நேரத்துக்குள் கொண்டுவரக் கேளுங்கள். காலைப் பொறுப்பு ஒப்படைப்பு முடிந்து ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி கிடைக்கும். பாதிப் பேர் இன்று, பாதிப் பேர் நாளை. வார்டை ஒருபோதும் ஆளில்லாமல் விடக் கூடாது. அவசர நோயாளி வந்தால் அன்றைய வகுப்பு ரத்து, அதற்கு விளக்கம் தேவையில்லை. உறவினர்கள் பார்க்கும் இடத்தில் நடத்த வேண்டாம். "நர்சுகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று யாராவது படம் எடுத்துவிட்டால் மொத்தத் திட்டமும் கெட்டுவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் எல்லோரும் தங்கள் நாடியை எண்ணட்டும், இரண்டு மாடி ஏறிவிட்டு மறுபடி எண்ணட்டும். வார்டு நடைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் மணிக்கட்டே சொல்லிவிடும். ஒரு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, குதிகால் உயர்த்துதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். ஒரு நாள் உங்கள் இயன்முறை மருத்துவரை அழைத்து, நோயாளியை முதுகு வலிக்காமல் புரட்டுவது எப்படி என்று கட்டிலிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். அன்று கைப்பேசியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். இன்னொரு நாள் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு என்று எழுதட்டும். "இனி நடப்பேன்" என்பதற்கும் "செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் தங்கையோடு" என்பதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு உண்டு. அந்தத் தாள் அவர்களிடமே இருக்கட்டும், நீங்கள் வாங்கிப் பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே வகுப்பு என்பதையும் கைவிடுங்கள். நின்றே வேலை செய்யும் செவிலியர், தூய்மைப் பணியாளர், பல்நோக்குப் பணியாளருக்கு முதுகுக்கும் காலுக்கும் வலுவும், நடுவே உட்காரும் நேரமும் தேவை. உட்கார்ந்தே இருக்கும் அலுவலகப் பணியாளருக்கும் ஆய்வக நுட்புநருக்கும் எழுந்து நடப்பதுதான் பாடம். இவர்களுக்குப் படிக்கட்டு நல்லது. ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் அதிகம் அசையாத 77 ஊழியர்களிடம் 12 வாரம் லிஃப்டைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். மூச்சுத் திறன் கூடியது, இடுப்புச் சுற்றளவு குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கிடைத்ததில் ஒரு பகுதி கரைந்திருந்தது. தொடக்க விழாவோடு முடிந்துபோகும் திட்டங்களுக்கு இதுதான் கதி. மூன்றாம் மாதத்தில் யார் நடத்துவார்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

எடைப் பட்டியலும் கட்டாயமும்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் எடைப் பட்டியல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை ஒட்டக் கூடாது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை என்பதே அரசின் ஓர் அங்கம். ஒருவரின் உடல் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் சுவரில் ஒட்டுவதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. நோயாளியின் கேஸ் ஷீட்டை அப்படி ஒட்டுவோமா? பிரசவமான அந்தச் செவிலியர் புகார் கொடுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கும், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். சட்டத்தை விடுங்கள், எடையைச் சொல்லிக் கூச வைத்தால் ஆள் உடற்பயிற்சிக்கு வருவதில்லை, ஒளிந்துகொள்வார். நம் நாட்டவருக்கு, உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று கணக்கு. அப்படியென்றால் பட்டியலில் மிஞ்சுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டாயம் பற்றிக் கேட்டீர்கள். டியூட்டி நேரத்துக்குள் நடக்கும் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. நோயாளியைத் தூக்கும் முறை போன்றவற்றுக்கு வருகைப் பதிவேடு வைப்பதில் தவறில்லை. ஆனால் உடற்பயிற்சி செய்வதையும் எடை பார்ப்பதையும் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். டியூட்டி முடிந்த பிறகு, அதிலும் இரவு டியூட்டி முடிந்து தூக்கம் சொக்கும் கண்களோடு நிற்பவர்களை ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பது எனக்கு ஏற்புடையதில்லை. தூங்கப் போகிறவரைத் தூங்க விடுவதே அன்றைக்கு அவர் உடல்நலத்துக்குச் செய்யும் நன்மை.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வகுப்புகள் பழியைப் பணியாளர் மீது திருப்பப் பயன்படுவதுண்டு. "வகுப்பு நடத்தினோம், அவர்கள்தான் கேட்கவில்லை" என்று கோப்பில் எழுதிவிடலாம். ஆள் பற்றாக்குறை, தொடர் இரவு டியூட்டி, சாப்பிட நேரமில்லாமை இவற்றையெல்லாம் வகுப்பு தீர்க்காது. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள், ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பெண்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன். தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்திருக்கிறார்கள், நல்லதுதான். காலை ஆறு மணிக்கு அதில் நடக்க வேண்டுமானால் அந்த நேரத்தில் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டில்தான் பதில் கிடைக்க வேண்டும்.

கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாகப் பேசிவிட்டு, பிறகு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று கோரிக்கைகள் போதும்: வகுப்பு டியூட்டி நேரத்துக்குள் பத்து நிமிடமாக நடக்க வேண்டும், எடைப் பட்டியல் கூடாது, ஒவ்வொரு வார்டிலும் எழுதும் மேசைக்கு நாற்காலி வேண்டும். ஆள் இல்லை என்பார். ஒரே ஒரு வார்டில் பத்து வாரம் செய்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மறுப்புச் சொல்வது கடினம். தொடக்கத்திலும் முடிவிலும் எதை அளப்பது என்றும் கேட்பார். முதுகுவலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று பெயர் எழுதாத தாளில் குறிக்கச் சொன்னால் போதும்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பரிசோதனையில் ரத்த அழுத்தம் மிக அதிகமாக வந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ உள்ளவர்கள், மயக்கம் வந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் போகட்டும், பயிற்சி பிறகு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்க வேண்டாம். சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கட்டும். கர்ப்பிணிகளுக்கு உடற்பயிற்சி கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பத்தில் மிதமான நடை நல்லதே, மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

உங்கள் கூச்சம்

அமெரிக்காவில் எரிக்கா ஃபிராங்க் என்ற மருத்துவர் 2000ஆம் ஆண்டில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இருந்தவர்களுக்கு இரண்டு வீடியோக்களில் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே மருத்துவர், உணவும் உடற்பயிற்சியும் பற்றி ஒரே அறிவுரை. ஒன்றில் மட்டும் கூடுதலாக அரை நிமிடம் தன் சொந்தப் பழக்கங்களைச் சொல்கிறார், மேசை மீது ஓர் ஆப்பிளும் சைக்கிள் தலைக்கவசமும் இருக்கின்றன. அதைப் பார்த்தவர்கள் அவரை அதிகம் நம்பினார்கள், ஊக்கம் தருபவராகவும் கருதினார்கள். அவர் எடையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை, என்ன செய்கிறார் என்பதுதான் பேச்சு. நீங்கள் மெலிந்த பிறகு வகுப்பெடுக்கக் காத்திருக்க வேண்டாம். "எனக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, இந்த வாரம் மூன்று நாள் நடந்தேன், இரண்டு நாள் முடியவில்லை" என்று சொல்லித் தொடங்குங்கள். விருப்பமிருந்தால் மட்டும். உங்கள் நோயை அவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் இல்லை.

முழங்கால் வலிக்குப் பயந்து அசையாமல் இருப்பதும் சரியில்லை. தேய்மானம்தான் காரணமென்றால், தொடைத் தசையை வலுப்படுத்துவதே முதல் மருந்துகளில் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள், பத்து முறை, இரண்டு காலுக்கும். வீக்கமோ, இரவில் வலியோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். எட்டு ஆண்டுச் சர்க்கரை என்கிறீர்கள், கடைசியாகப் பாதப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் எப்போது செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. உங்கள் மருத்துவமனையிலேயே தொற்றா நோய்ப் பிரிவு இருக்கும். அடுத்த வாரம் டியூட்டிக்கு வரும்போது அரை மணி நேரம் முன்னதாக வந்து இரண்டையும் முடித்துவிடுங்கள், நடைக்குச் செருப்பு வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.